ஆமை ஏறும் கரைக்கு விளக்கோடு வராதீர்கள்

கோலாலம்பூர், கிள்ளான், சிரம்பான், ஜொகூர் பாரு என்று பல ஊர்களிலிருந்தும் முதுகில் பையும் கழுத்தில் கேமராவுமாக எங்கள் கரைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு,



நீங்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாக்கா என்றால் ஆ பாமோசா கோட்டை, ஜோங்கர் தெரு, ஆற்றங்கரைச் சுவரோவியம் என்று நகரத்தோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். மலாக்கா சென்ட்ரலில் பேருந்து ஏறி, மஸ்ஜித் தானாவில் இறங்கி, அங்கிருந்து கிடைத்த வண்டியைப் பிடித்துக் கோலா சுங்கை பாரு வரைக்கும் வருகிற இளைஞர்களைப் பார்த்தால், இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு மனம் நிறைந்துவிடுகிறது. உங்களில் சிலருடைய தாத்தா பாட்டி இதே அலோர் காஜா வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர்களாக இருப்பார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதும், லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துக்குப் போன குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்த மண்ணைப் படம் எடுக்க வருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த உரிமையில்தான் ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை, இரவு நேரத்தில் எங்கள் கடற்கரைக்கு விளக்கோடு வராதீர்கள். கேமராவின் ஃபிளாஷ் வேண்டாம், தலையில் மாட்டும் விளக்கு வேண்டாம், கைப்பேசியின் டார்ச்சும் வேண்டாம்.

அந்த மாதங்களில்தான் அழுங்காமைகள் கரையேறுகின்றன. மலாய்க்காரர்கள் பென்யூ காரா என்பார்கள். பருந்தின் மூக்குபோல வளைந்த அலகு, ஓட்டின் மேல் கூரை ஓடு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த தகடுகள். அந்தத் தகடுகளில் ஓடும் பழுப்பு மஞ்சள் வரிகளுக்காகவே, சீப்பும் கொண்டை ஊசியும் மூக்குக்கண்ணாடிச் சட்டமும் செய்ய, உலகம் முழுக்க இதைக் கொன்று குவித்தார்கள். அற்றுப்போகும் நிலைக்கு மிக அருகில் இருக்கும் உயிர்களின் வரிசையில்தான் இன்று இது இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை அதிகமாக முட்டையிட வரும் கரை, கிழக்குக் கரையோரத் தீவு எதுவும் அல்ல, நமது மலாக்காதான். தஞ்சோங் பீடாரா, பெங்காலான் பாலாக், பாடாங் கெமுந்திங் என்று நீங்கள் கூடாரம் அடிக்கிற, வாழையிலையில் மீன் சுட்டுத் தின்கிற அதே மணலில்தான் அது வருகிறது. பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருப்பதும் அதனால்தான்.

ஆமை எப்படி வருகிறது என்பதை நிதானமாகச் சொல்கிறேன். தெரிந்தால் நீங்களே விளக்கை அணைத்துவிடுவீர்கள்.

நீர் ஏறும் நேரம் பார்த்து அது கரைக்கு வருகிறது. அலை உடையும் இடத்தில் தலையை மட்டும் தூக்கிக் கொஞ்ச நேரம் கிடக்கும். கரையில் அசைவோ வெளிச்சமோ தெரிந்தால் அங்கிருந்தே திரும்பிவிடும். எதுவும் இல்லையென்றால் மெல்ல ஏறும். பச்சையாமை இரண்டு முன் துடுப்பையும் சேர்த்து ஊன்றித் தன்னை இழுத்துக்கொண்டு வரும்; அழுங்காமை அப்படியில்லை, வலமும் இடமுமாக மாற்றி மாற்றி வைத்து நடக்கும். காலையில் மணலில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே எது வந்தது என்று சொல்லிவிடலாம். திறந்த மணலில் அது நிற்பதும் குறைவு. அடும்புக்கொடி, தாழை, கரையோரப் புதர் என்று செடிகளின் அடிக்குப் போய்விடும். உடம்பு புதையும் அளவுக்கு முதலில் ஒரு பள்ளம். பிறகு பின்துடுப்பை அகப்பைபோல வளைத்து, ஒரு தடவைக்கு ஒரு பிடி மணலாக அள்ளி, சத்தமில்லாமல் ஓரமாக வைத்து, குடம்போன்ற ஒரு குழி. அதில் நூறுக்கும் மேல் முட்டைகள். அப்புறம் மூடி, மிதித்து, முன் துடுப்பால் மணலை வாரி இறைத்து, இடம் தெரியாமல் கலைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். இவ்வளவுக்கும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம்.

முட்டை விழத் தொடங்கிவிட்டால் அது அசையாது. பார்க்கிறவர்கள் பின்பக்கமாக, தூரத்தில், சத்தமில்லாமல் இருந்து பார்க்கலாம் என்று நிலையத்தார் சொல்வது அந்த நேரத்தைத்தான். அதற்கு முன்னால் ஒரே ஒரு வெளிச்சம் போதும், பாதிக் குழியோடு விட்டுவிட்டுப் போய்விடும். போன ஆமை அன்றிரவே வேறிடத்தில் ஏறலாம், மறுநாள் வரலாம், சுமையைத் தாங்க முடியாமல் கடலிலேயே முட்டையை விட்டுவிடவும் செய்யலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு பெண் ஆமை முட்டையிட வருகிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இது புத்தகத்தில் படித்துச் சொல்வது மட்டுமல்ல. சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, தாழைப் புதருக்குக் கீழே குழி தோண்டிக்கொண்டிருந்த ஒன்றை ஒரு கூட்டம் கண்டுவிட்டது. நல்ல பிள்ளைகள்தான், சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் ஆறேழு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள், ஃபிளாஷ் மாறி மாறி வெட்டியது. ஆமை துடுப்பை அப்படியே நிறுத்தியது. கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு உடம்பைத் திருப்பி, வந்த வழியைக்கூடப் பிடிக்காமல், ஒரு சவுக்கு மரத்தின் வேரில் முட்டி, சுற்றிக்கொண்டு கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை அங்கே போய்ப் பார்த்தேன். அரைக் குழி காய்ந்த மணலால் பாதி மூடிக் கிடந்தது. அந்தப் பிள்ளைகளிடம் நல்ல படங்கள் இருந்திருக்கும். ஆமை அழுகிறது என்று அதன் கண்ணீரையும் எடுத்திருப்பார்கள். அது அழுகை அல்ல தம்பி. கடல் நீரில் வாழும் ஆமை உடம்பில் சேரும் உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது. கரைக்கு வரும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

குஞ்சுகளின் கதை இன்னும் மோசம். இரண்டு மாதம் கழித்து, மணல் குளிர்ந்த இரவில், எல்லாமாகச் சேர்ந்து முண்டிக்கொண்டு மேலே வருகின்றன. கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்குச் சொல்லித் தர யாரும் இல்லை. இருட்டான கரையில், மரங்களின் கறுப்பு ஒரு பக்கம், வானத்தின் மங்கிய ஒளி விழும் கடல் மறுபக்கம். வெளிச்சமான பக்கத்தை நோக்கி ஓடு என்பதுதான் அவற்றின் பிறவி அறிவு. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அந்த அறிவு தப்பவில்லை. இன்று கூடாரத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அது தப்பிவிடுகிறது. உங்கள் கூடாரத்தை நோக்கி வந்த குஞ்சு அழகாகக் கேமராவுக்குள் விழும். அதற்கப்புறம் நண்டுக்கும் நாய்க்கும் உடும்புக்கும் போகும், இல்லை விடிந்த பிறகு வெயிலில் காயும். கையில் தூக்கிக் கடலில் விட்டால் புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். மணலில் தானாக ஓடிக் கடலை அடைவதும் அதற்கு வேண்டியதுதான். தூக்காதீர்கள்.

உங்களை மட்டும் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆமை குறைந்ததற்குப் பெரிய காரணங்கள் வேறு. பல தலைமுறையாக முட்டையைத் தோண்டி விற்றோம், தின்றோம். இழுவை வலையிலும் அறுந்து மிதக்கும் வலையிலும் அவை சிக்கிச் சாகின்றன. கரையோர விடுதிகளின் விளக்குகள் இரவெல்லாம் எரிகின்றன. மலாக்கா நகருக்கு எதிரே இருக்கும் பூலாவ் உப்பே தீவு ஒரு காலத்தில் அழுங்காமைகளின் தாய்வீடு. நகரோரம் கடலை நிரப்பிக் கட்டடம் எழுப்பிய ஆண்டுகளில் அந்தத் தீவின் மணல் அரித்துக்கொண்டே போனது. ஏறுவதற்கு மணல் இல்லாத தீவில் ஆமைக்கு என்ன வேலை? இவற்றை எதிர்த்து நீங்களும் நானும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, பேசுவோம். ஆனால் அவை வாரக் கடைசியில் தீர்கிற காரியங்கள் அல்ல. உங்கள் விளக்கு அப்படியில்லை. இந்தச் சனிக்கிழமையே அணைத்துவிடலாம்.

ரந்தாவ் அபாங்கை நினைத்துக்கொள்ளுங்கள். திரங்கானுவின் அந்தக் கரையில் 1950களில் தோல்முதுகு ஆமைகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுவரை இட்டன. உலகத்திலேயே பெரிய ஆமை, முந்நூறு கிலோவைத் தாண்டும். அதைப் பார்க்க நாடெங்குமிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வந்தார்கள். டார்ச் அடித்தார்கள், முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய படங்கள் சில வீட்டு ஆல்பங்களில் இன்னும் இருக்கக்கூடும். ஆமையை ஒழித்தது அந்த டார்ச் விளக்குகள் மட்டுமல்ல; முட்டை வியாபாரமும் ஆழ்கடல் வலைகளும்தான் பெரிய பங்கு. ஆனால் கண்முன்னால் ஓர் இனம் போய்க்கொண்டிருந்தபோது, அதைப் பார்க்க வந்தவர்கள் அதற்கு ஒரு நல்லதும் செய்யவில்லை. 1990களில் கூடுகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். இன்று அந்தக் கரை வெறும் மணல். மேற்குக் கரையில் அழுங்காமை என்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நம்மிடம் இருக்கும் இந்தக் கொஞ்சம்.

அப்படியென்றால் இவ்வளவு தூரம் வந்து எதைப் படம் எடுப்பது என்று கேட்பீர்கள். பகலில் எடுங்கள். சொல்லப்போனால் இந்தக் கரையின் சிறந்த படங்கள் பகலில்தான் கிடைக்கின்றன.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை தஞ்சோங் துவானுக்குப் போங்கள். போர்ட்டிக்சன் பக்கம் நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். 1606ல் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியர்களும் கப்பல்களோடு மோதிக்கொண்ட கடல் அதற்குக் கீழேதான் இருக்கிறது. காட்டுக்குள் தார்ச்சாலையில் ஏறினால் 1863ல் கட்டிய கலங்கரை விளக்கம். சுமத்ராவுக்கு அருகிலுள்ள ரூபாட் தீவிலிருந்து இந்த முனைக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடல். குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன்பருந்துகள் வடக்கே ஊர் திரும்பும்போது நீரிணையைக் கடப்பது இந்த இடத்தில்தான். நிலத்தின் மேல் வெயில் சூட்டில் எழும் காற்றுச் சுழலில் ஏறி, இறக்கை அசைக்காமல் மிதந்து போவதுதான் அவற்றின் பயண முறை. கடல்மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால் முழுத் தூரத்தையும் இறக்கையை அடித்துக்கொண்டே, தாழப் பறந்து, களைத்து வருகின்றன. கரையைத் தொட்டதும் காட்டின் மேல் சூடான காற்று பிடிபடுகிறது. வட்டமிட்டு ஏறி, புள்ளியாகி மறைந்துவிடுகின்றன. அந்தத் தாழப் பறக்கும் சில நிமிடங்கள்தான் உங்களுக்கு. விடியற்காலையில் எழ வேண்டிய அவசியமே இல்லை, முற்பகலிலிருந்து பிற்பகல்வரை நல்ல வருகை. ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கு மேல் வையுங்கள், இறக்கையின் அடியில் வரி வரியாக இருக்கும் பட்டைகள் தெளிவாக விழும். மலேசிய இயற்கைக் கழகத்தார் 2000ஆம் ஆண்டிலிருந்து மார்ச் மாதத்தில் பருந்து பார்க்கும் நாட்களை அங்கே நடத்தி வருகிறார்கள். பெயர் தெரியாத பறவைக்குப் பெயர் சொல்ல ஆள் இருப்பார்கள். ட்ரோனை மட்டும் பையிலிருந்தே எடுக்காதீர்கள். கடலைக் கடந்து பலமெல்லாம் செலவழிந்து வருகிற பறவையை விலகிப் பறக்கவைப்பது, மிச்சமிருக்கும் பலத்தையும் பறிப்பதாகும்.

லிங்கி ஆற்றில் மின்மினி பார்க்கவும் வருகிறீர்கள். சுங்கை தீமுன் பக்கம் பெரெம்பாங் மரங்களில் அவை கூடுகின்றன. ஒளியால்தான் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. அதன்மேல் ஃபிளாஷ் அடித்தால் பேச்சுக்கு நடுவே கத்துவதுபோல. ஃபிளாஷ் அடித்தால் படமும் வராது, இலைதான் விழும். ஆடும் படகிலும் வராது. கரையிலிருக்கும் படகுத்துறையில் முக்காலியை ஊன்றி, இருபது முப்பது விநாடி திறந்து வைத்துப் பல படங்களாக எடுத்துச் சேருங்கள். ஆற்று ஓரமாக முக்காலியோடு இறங்கி உட்காரவே கூடாது. லிங்கி ஆற்றில் உவர்நீர் முதலைகள் உண்டு, பெரியவை உண்டு. படகோட்டி எந்த இடத்தில் இறங்காதே என்கிறாரோ அங்கே இறங்காதீர்கள்.

மற்றபடி கோலா சுங்கை பாருவின் காலையைச் சொன்னாலே போதும். வற்றுநீரில் சேறு தெரியும்போது கொக்கும் நாரையும் இறங்கும். மீன்படகுகள் திரும்பும் நேரம் செம்பருந்துகள் தலைக்கு மேல் வட்டமிடும். கழித்த மீனை ஒரு பருந்து நீரைத் தொட்டுத் தூக்கும் கணத்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துவிட்டு வாருங்கள், அது தெரியாமல் வருகிறவர்கள் பாதி நாளை வீணாக்குகிறார்கள். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டு வந்தால் கண்ணாடி வியர்த்துவிடும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு எடுங்கள். செம்பனைத் தோட்டத்திலும் படம் இருக்கிறது. எலியைப் பிடிப்பதற்காகக் கூட்டுப்பெட்டி வைத்து வளர்க்கும் கூகைகள், அந்தி சாயும் நேரம் பெட்டி வாயில் வந்து நிற்கும். கிராணியிடமோ கங்காணியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பெரியவர்கள் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்தவர்களுக்கு, எந்தப் பறவை எந்த நேரத்தில் கூவும் என்பது எந்தக் கையேட்டையும்விட நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தைப் போடும்போது இடத்தைப் போடாதீர்கள். முட்டை திருடுகிறவனும் பறவை பிடிக்கிறவனும் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறார்கள். ஆற்றோரங்களில் இனிமையாகப் பாடிக்கொண்டிருந்த பாராவ் பாராவ் கொண்டைக்குருவி, கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே இன்று அற்றுப்போகும் விளிம்புக்கு வந்துவிட்டது. முராய் பறவைகளையும் அப்படித்தான் தேடிப் பிடிக்கிறார்கள். ஒரு கூட்டின் படத்தோடு ஊர் பெயர், கம்பத்தின் பெயர், பாலத்தின் பெயர் எல்லாம் எழுதுவது அவர்களுக்கு வழி காட்டுவதாகும். கைப்பேசி தானாகவே இடத்தைப் பதிந்துவிடும். அந்த வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள். மலாக்கா என்று மட்டும் எழுதினால் போதும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1854ல் ஆல்பிரட் ரஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் மலாக்காவுக்கு வந்தார். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை இருந்தார். காடிங், ஆயர் பானாஸ் என்று உள்ளூர்களில் தங்கிப் பூச்சியும் பறவையும் சேர்த்தார், காய்ச்சலில் படுத்தார், எழுந்து குனோங் லேடாங் மலை ஏறினார். அந்தக் காலத்தில் ஒரு பறவையை உலகத்துக்குக் காட்ட அதைச் சுட்டுத் தோலை உரித்து அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. உங்களிடம் அந்தக் கொடுமை தேவைப்படாத கருவி இருக்கிறது. அவரிடம் இருந்து உங்களிடம் இல்லாதது ஒன்றுதான்: ஓர் இடத்தில் தங்கும் பொறுமை. சனிக்கிழமை மதியம் வந்து, ஞாயிறு காலைக்குள் ஆமை, மின்மினி, முதலை, பருந்து எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் விளக்கு எரிகிறது. ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வாருங்கள். மீண்டும் ஒருமுறை வாருங்கள். ஊர் எங்கும் ஓடிப்போகாது.

ஆமையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பாடாங் கெமுந்திங் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்கிற தூரத்தில், சொல்கிற நேரத்தில், கேமரா இல்லாமல் நின்று பாருங்கள். நீங்கள் தனியாக இருக்கும்போது ஆமை ஏறிவிட்டால், இருந்த இடத்திலேயே உட்காருங்கள். விளக்கையும் கைப்பேசித் திரையையும் அணையுங்கள். அதன் முன்னால் போகாதீர்கள். அது கடலுக்குத் திரும்பிய பிறகு, இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு நிலையத்தாருக்கு மட்டும் சொல்லுங்கள். முட்டையை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிக்க வைப்பது அவர்கள் வேலை. கூடாரத்தை அடும்புக்கொடியின் மேல் அடிக்காதீர்கள், புதரை வெட்டாதீர்கள். போகும்போது அறுந்த நைலான் வலை கரையில் கிடந்தால் சுருட்டிக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டு போங்கள்.

இந்த மடலை உங்கள் கூட்டத்தில் பயணத்தை ஏற்பாடு செய்கிறவரிடம் காட்டுங்கள். அடுத்த பருவத்துக்கு நாள் குறிக்கும்போதே, இரவில் விளக்கில்லை என்று எல்லாரிடமும் சொல்லி ஒப்புக்கொண்ட பிறகு வண்டி ஏறுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
கோலா சுங்கை பாரு